மன்னிச்சுட்டேன்னு சொன்ன பிறகு சாட்சி சொல்லலாமா? உங்க வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்க

தங்கச்சிமடத்து மகள்

எங்க அன்பியம் (கோயில் பங்கில் தெருவாரியான ஜெபக் குழு) வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோ மூணு தடவை வந்துடுச்சு. அமெரிக்காவில் வலதுசாரி அரசியல் பேச்சாளர் சார்லி கிர்க் 2025 செப்டம்பர் 10 அன்று யூட்டாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 31. பதினோரு நாள் கழித்து அரிசோனாவில் ஒரு பெரிய விளையாட்டரங்கத்தில் அஞ்சலிக் கூட்டம். அவர் மனைவி எரிகா மேடையேறி, சுட்ட இளைஞனை மன்னிக்கிறேன் என்று அழுதுகொண்டே சொன்னார். அதே மேடையில் பிறகு பேசிய டிரம்ப், எதிராளிகளை எனக்குப் பிடிக்காது, வெறுக்கத்தான் செய்கிறேன் என்றார். எங்க குழுவில் வந்தது முதல் பாதி மட்டும். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

கிர்க்கின் அரசியலை இங்கே இழுக்க வேண்டாம். நான் எழுத வந்தது அம்மாவைப் பற்றி. எழுபதைத் தாண்டிய அம்மா அந்த வீடியோவை ரெண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தாங்க. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைச்சுக்கிட்டே ஒரே ஒரு கேள்வி: "கேஸ் நடக்குதா?"

நடக்குதும்மா, மரண தண்டனை கேட்கப் போறதா அரசு வக்கீல் சொல்லியிருக்கார் என்றேன். அதை அரசாங்கமே முடிவு பண்ணட்டும், அந்த ரத்தம் என் கணக்கில் வேண்டாம் என்று எரிகா பேட்டியில் சொன்னதையும் சொன்னேன்.

"அப்பச் சரி"ன்னு எழுந்து போயிட்டாங்க.

எங்க அப்பா ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், இப்போது ரெண்டு பக்கமும் ஒரே கூட்டணி. 1996 அக்டோபர் பஞ்சாயத்துத் தேர்தலில் தொடங்கிய பகை, மறு வருஷம் ஒரு காலையில் டீக்கடை பெஞ்சில் முடிந்தது. பால் வாங்கப் போன அம்மா இருபதடி தூரத்தில் நின்று பார்த்தாங்க. வெட்டியவங்கள்ல ஒருத்தர் எங்க தெருதான். அப்பாவோட வலை பிரிச்சவர். அம்மாவை "மதினி"ன்னு கூப்பிடுவார்.

முப்பதாம் நாள் பூசை முடியும் வரைக்கும்தான் அழ விட்டாங்க. அப்புறம் வரிசையா வந்தாங்க. ஊர்ப் பெரியவங்க, ரெண்டு கட்சி ஆள்கள், தூரத்துச் சொந்தம். பேச்சு எல்லாம் ஒரே பேச்சு: "போன உசுரு திரும்பாது. சமாதானமாப் போயிருவோம்." எங்க ஊரில் சமாதானம்னா என்ன அர்த்தம் என்று கடலோரத்து ஆள்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூண்டில் ஏறி "இருட்டா இருந்துச்சு, ஆள் தெரியல"ன்னு சொல்லணும். ஒருத்தர் இன்னும் ஒரு படி மேலே போய், "நீங்க வேதக்காரங்க, மன்னிக்கணும்னுதானே உங்க சாமியே சொல்லுது?"ன்னு கேட்டார். அவர் பூசைக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. கையில் ஒரு மஞ்சப்பை. அதுக்குள்ள எவ்வளவு இருந்ததுன்னு நாங்க பார்க்கலை.

ரெண்டு வருஷம் போச்சு. மாசாமாசம் அப்பா பேருக்குப் பூசைக் கருத்து, அதாவது பூசையில் வேண்டிக்கச் சொல்ற சீட்டு, எழுதிக் கொடுப்பாங்க அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் சீட்டை வாசிச்சுக்கிட்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். சாமியாரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையசைச்ச பிறகு வாசிச்சார். அப்பா பேர், அதுக்குக் கீழே வெட்டினவர் பேர், "அவர் குடும்பத்துக்காகவும்" என்று. கோயில் மொத்தமும் எங்க பெஞ்சைத்தான் பார்த்துச்சு. எனக்கு அப்போ பத்தொன்பது வயசு. வெளியே வந்து அம்மாகூட நாலு நாள் பேசலை.

அந்தச் சீட்டு அடுத்த வருஷம் ராமநாதபுரம் கோர்ட்டுக்கே வந்துடுச்சு. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "கோயில்ல எல்லார் முன்னாடியும் மன்னிச்சுட்டதாச் சொன்னீங்களா, இல்லையா?" என்றார். அம்மா, "மன்னிச்சேன்யா." "அப்ப என் கட்சிக்காரர் மேல உங்களுக்குக் கோபம் இல்லை?" "இல்லை." வக்கீல் உட்காரப் போனார். அம்மா நிறுத்தலை: "கோபம் இல்லாததாலதான்யா சரியா ஞாபகம் இருக்கு. முதல் வெட்டு அவன் வெட்டலை. ரெண்டாவது அவன்."

ஐந்து பேரில் ரெண்டு பேருக்கு ஆயுள். மூணு பேர் விடுதலை, டீக்கடைக்காரர் உள்பட நாலு சாட்சி பிறழ்ந்துட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். அவங்களும் அந்தத் தெருவுலதான் கடை திறக்கணும்.

மன்னிச்ச வீடுகளும் மன்னிக்காத வீடுகளும் இங்கே இருப்பீங்க. சொல்லுங்க.

பழைய பெஞ்சு கிளார்க்

அம்மா சொன்ன மாதிரி சாட்சி என் சர்வீஸில் ரெண்டே பேர் பார்த்திருக்கிறேன்.

ஒரு விளக்கம் தேவை, ஏனென்றால் பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். கொலை சமரசம் செய்யக்கூடிய குற்றம் அல்ல. இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 302ஆம் பிரிவாக இருந்தாலும் சரி, 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் நியாய சன்ஹிதாவின் 103 ஆக இருந்தாலும் சரி, குடும்பத்தார் கையெழுத்துப் போட்டு முடிக்கிற விஷயம் இல்லை. இரு தரப்பும் ராஜி ஆகிவிட்டார்கள் என்பதற்காகக் கொலை வழக்கை ரத்து செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012லேயே கியான் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. வழக்குக் கட்டின் மேலே பாருங்கள், உங்கள் வீட்டுப் பெயரே இருக்காது. ‘அரசு’ என்றுதான் இருக்கும்.

சட்டப்படி ராஜி ஆக முடியாது என்பதால்தான் சாட்சியைத் திருப்புகிறார்கள். மஞ்சப்பை வருவது மன்னிப்பு வாங்க அல்ல, மறதி வாங்க. சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதுக்கும் கட்டாயமாக்கியது. மிரட்டல் இருந்தால் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கலாம் என்பதே தெரியாமல் கோர்ட் வராந்தாவில் பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்ற சாட்சிகளைத்தான் நான் அதிகம் பார்த்தேன். எதிராளியின் ஆள்களும் அதே வராந்தாவில், அதே குழாயடியில்.

இன்னொன்று. விடுதலையான மூவர் மேல் இன்று தீர்ப்பு வந்திருந்தால் உங்கள் அம்மாவே மேல்முறையீடு செய்திருக்கலாம். 2009 இறுதி முதல் பாதிக்கப்பட்டவருக்கு அந்த உரிமை உண்டு. உங்கள் காலத்தில் அரசு மனசு வைத்தால்தான்.

கீழக்கரை காக்கா

லாத்தா, உங்க உம்மாவுக்கு என் ஸலாம் சொல்லுங்க.

நான் சவூதியில் பதினாறு வருஷம். அங்கே இதுக்கு நேர் எதிர். கொலையில் வாரிசுகள் மன்னிச்சா தலை தப்பும். மன்னிப்பு சும்மாவும் இருக்கலாம், தியத் பணம், அதாவது உயிருக்கு ஈட்டுத்தொகை, வாங்கிக்கிட்டும் இருக்கலாம். குர்ஆனில் ரெண்டாவது அத்தியாயத்தில் பழிக்குப் பழியைச் சொல்ற இடத்துலயே மன்னிப்பையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கு. கொன்னவனுக்கும் செத்தவன் வாரிசுக்கும் நடுவுல "சகோதரன்"ங்கிற சொல்லைப் போட்டு.

எங்க ரூம்ல நம்ம கடற்கரைப் பக்கத்துப் பையன் ஒருத்தன். சண்டையில் தள்ளிவிட்டதில் வேற நாட்டு ஆள் ஒருத்தர் மவுத்தாயிட்டார். பணம் புரட்டினோம், ஜமாஅத் உதவுச்சு. அது இல்லை விஷயம். செத்தவரோட வயசான வாப்பா ஃபோன்ல பேசினார். மொழிபெயர்த்துச் சொன்னது நான்தான். "பணம் பேரப்பிள்ளைகளுக்கு. மன்னிப்பு அல்லாஹ்வுக்காக. ரெண்டையும் ஒண்ணா எழுதாதீங்க"ன்னார். எழுதின ஆளுக்கு அது புரியலை, ஒரே தாள்லதான் எழுதினார்.

அந்த முறை நல்லதா நம்ம முறை நல்லதான்னு என்னைக் கேட்டா, ஏழைக் குடும்பத்துக்கு அங்கேயும் நெருக்கடிதான். பணக்காரன் வீட்டு வாசல்ல நின்னா "மன்னிக்க மாட்டேன்"னு சொல்ல அங்கேயும் தைரியம் வேணும்.

பரமக்குடி பஸ்

நான் கடலோரம் இல்லை, ஆனால் எங்க மாவட்டம்தானே. சமாதானம்ங்கிற சொல்லைப் படிச்சதும் எழுதத் தோணுச்சு.

1957 செப்டம்பர் 10, முதுகுளத்தூரில் கலெக்டர் கூட்டின சமாதானக் கூட்டம். அதில் ஆதிக்க சாதித் தலைவருக்கு எதிரே உட்கார்ந்து சமமாப் பேசினவர் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன். ராணுவத்தில் இருந்துட்டு வந்தவர், வயசு முப்பத்திரண்டு. மறுநாளே பரமக்குடியில் வெட்டிக் கொன்னாங்க. அப்புறம் நடந்த கலவரத்தில் எத்தனை வீடு எரிஞ்சதுன்னு எங்க அப்பாயி கதை கதையாச் சொல்லும். 2011ல் அதே செப்டம்பர் 11ல், அதே ஊர்ல போலீஸ் துப்பாக்கிச்சூடு. இன்னைக்கும் செப்டம்பர் வந்தா மாவட்டத்துக்கே தடையுத்தரவு.

எங்க தெருவுல யாரும் மன்னிப்பைப் பத்திப் பேச மாட்டாங்க. கல் மனசுன்னு நினைக்காதீங்க. கேட்டவனுக்குத்தானே கொடுக்க முடியும்? உங்க அம்மா ஒரு ஆளை, பேர் சொல்லி மன்னிச்சாங்க. ஒரு ஊரை, ஒரு வழக்கத்தை, ‘நீ எதிர்ல உட்காரலாமா’ங்கிற நினைப்பை எப்படிப் பேர் சொல்லி மன்னிக்கிறது? சீட்டுல என்னன்னு எழுதுவீங்க?

நினைவிடத்துக்கு வருஷா வருஷம் போவேன். பூ வைக்கிறப்போ கோபம் வராது. திரும்பி வர்ற வழியில் பஸ்ஸை எங்க நிறுத்தணும், எங்க நிறுத்தக் கூடாதுன்னு போலீஸ் சொல்றப்போ வரும்.

மண்டபம் வாசி

யார் மன்னிப்பு கணக்கில் வரும் என்பதும் ஒரு கேள்வி. ராஜீவ் காந்தி கொலையில் சோனியா, தண்டனை பெற்ற நளினிக்காகக் கருணை கேட்டார், பிரியங்கா 2008ல் வேலூர்ச் சிறைக்கே போய்ப் பார்த்தார். 2022ல் எல்லாரும் வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. ஆனால் அன்று ஸ்ரீபெரும்புதூரில் காயம்பட்டுப் பிழைத்த பெண் போலீஸ் அதிகாரி ஒருவர் அந்த விடுதலையை எதிர்த்துப் பேசினதைக் கேட்டு வாயடைத்துப் போனேன். அவர் இடத்தில் நின்று பிரியங்கா மன்னிக்க முடியாதே.

கடலாடிக்காரன்

எல்லாம் சரி. என் அண்ணனைக் கொன்னவனை நான் மன்னிக்கலை. பதினோரு வருஷம் ஆச்சு. நல்லாத் தூங்குறேன். இதையும் ஒரு அனுபவம்னு எழுதிக்கங்க.

பழைய பெஞ்சு கிளார்க்

எழுதிக்கொண்டோம் தம்பி. அதுவும் சாட்சிதான்.

தங்கச்சிமடத்து மகளிடம் ஒன்று கேட்கலாமா? தண்டனை பெற்றவர் வெளியே வந்த பிறகு பார்த்தீர்களா?

தங்கச்சிமடத்து மகள்

கேட்டுட்டீங்க, சொல்றேன்.

முதலில் அவர் சம்சாரத்தைப் பார்த்தோம், ஓரியூரில். நம்ம பக்கத்து ஆள்களுக்குத் தெரியும், 1693 பிப்ரவரி 4ல் வேதசாட்சியா இறந்த புனிதர் அருளானந்தர் தலை வெட்டப்பட்ட இடம். அங்கே மண்ணு சிவப்பு, அவர் ரத்தம் பட்டுச் சிவந்ததுன்னு நம்பிக்கை. எல்லாச் சாதியும் எல்லா மதமும் வரும், மண்ணை மடிச்சு வீட்டுக்குக் கொண்டுபோகும். தீர்ப்பு வந்த மறு வருஷம் திருவிழாவுக்கு அம்மாவோட போயிருந்தேன். மண் அள்ளுற இடத்தில் அந்த அக்கா, ஒரு சின்னப் பையனோட. பையன் தைல டப்பா மூடியால மண்ணைச் சுரண்டிக்கிட்டிருந்தான். அக்கா எங்களைப் பார்த்துட்டு எழுந்திருக்கவும் முடியாம உட்காரவும் முடியாம பாதியில நின்னுச்சு.

அம்மா பையில இருந்து காகிதம் ஒண்ணு கிழிச்சுக் கொடுத்தாங்க. "மூடியில கொண்டு போனாச் சிந்திரும், இதுல மடி." அவ்வளவுதான் பேச்சு. அந்த அக்கா, "மதினி"ன்னு ஆரம்பிச்சுட்டு மேலே பேசலை. பஸ்ஸில் வரும்போது நான்தான் அழுதேன், எதுக்குன்னு தெரியலை.

2008 செப்டம்பர் 15, அண்ணா நூற்றாண்டு. ஏழு வருஷம் கழிச்ச ஆயுள் கைதிகள் 1,400க்கும் மேற்பட்டவங்களை அரசு ஒரே நாளில் விடுதலை பண்ணுச்சு. அதுல அவரும் வந்தார். எங்களுக்கு டிவியும் சொல்லலை, அரசாங்கமும் சொல்லலை. மீன் வாங்கப் போன இடத்துல ஒருத்தி சொல்லித் தெரிஞ்சுது. அம்மா மன்னிச்சப்போ கோர்ட்டு அதைக் கணக்குல எடுக்கலை, அது சரின்னு அம்மாவே சொல்லுவாங்க. அரசாங்கம் மன்னிச்சப்போ அம்மாவை ஒரு வார்த்தை கேட்கலை. அன்னைக்குத்தான் இத்தனை வருஷத்துல முதல் தடவையா எரிஞ்சு விழுந்தாங்க: "இவனுங்க யாருடி மன்னிக்கிறதுக்கு? இவனுங்க புருஷனா செத்தான்?" ராத்திரி சோறு வைக்கலை.

அடுத்த தவக்காலத்தில் அவர் வீட்டுக்கு வந்தார். சாயங்காலம். செருப்பை ரோட்டிலேயே விட்டுட்டு வாசல்ல நின்னார். தலை நரைச்சுப் போச்சு. எதுவும் பேசலை. அம்மா உள்ளே போனாங்க, அடுப்பைப் பத்த வச்சாங்க, எனக்குக் கேட்டுது. காபி கொண்டுவந்து கையில கொடுத்தாங்க. உட்காருன்னு சொல்லலை. அவரும் நின்னுக்கிட்டே குடிச்சார். டம்ளரைத் திண்ணையில வச்சார்.

"வலை கட்டப் போறியா?"ன்னு அம்மா கேட்டாங்க.

"கூப்பிட்டா போவேன் மதினி."

"தடைக்காலம் முடியட்டும்"னாங்க. கதவைச் சாத்தலை, அவர் தெரு முக்குத் திரும்புற வரைக்கும் நின்னுட்டு, அப்புறம்தான் டம்ளரை எடுத்தாங்க.