கீமோவுக்குப் பின் மரத்த பாதம்: கும்பகோணத்தில் இடமும் ஆளும் தேவை

கும்பகோணம், பாபநாசம் பக்கத்து நண்பர்களே, உதவுங்கள். கீமோவில் பாக்ளிடாக்சல், ஆக்ஸாலிபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்துகளை ஏற்றி முடித்த பலருக்கு விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகின்றன. அவர்களுக்காக நாற்காலி யோகா தொடங்க, படியேறத் தேவையில்லாத ஓர் அறையும், ஆடாத மர நாற்காலி பத்தும் வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி தயவுசெய்து வேண்டாம், சிமெண்டுத் தரையில் வழுக்கும்.

வகுப்பில் செய்யப்போவது இவைதான்: உட்கார்ந்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது 10 முறை, கணுக்கால் சுழற்றுவது, மூச்சை நீளமாக விடுவது. பிறகு நாற்காலி முதுகைப் பிடித்து நின்று, எடையைக் கால் மாற்றிக் கால் மெல்ல ஏற்றுவது. மொத்தம் 20 நிமிடம்.

நிற்கும்போது கண்ணை மூடச் சொல்லாத ஆசிரியர்தான் வேண்டும். பாதம் தரையை உணராதபோது பார்வைதான் உடலை நிறுத்துகிறது, மூடினால் சாய்ந்துவிடுவார்கள். வெறுங்காலும் கூடாது, கருவேல முள் ஏறினாலும் தெரியாது.

அப்படிப்பட்டவர் யாரையாவது தெரியுமா? தஞ்சாவூரிலிருந்து வந்துபோகிறவரானாலும் சரி, பஸ் கட்டணம் தருகிறோம்.