அடாப்டிவ் ரீயூஸ்: “பயன்மாற்றிப் பேணல்” சரிவருமா?

அன்பின் நண்பர்களுக்கு,

பழைய ஆலையையோ களஞ்சியத்தையோ இடிக்காமல் சனசமூக நிலையமாக, முதியோர் பகல்நேரப் பராமரிப்பிடமாக மாற்றுவதை ஆங்கிலத்தில் அடாப்டிவ் ரீயூஸ் (adaptive reuse) என்கிறார்கள். தமிழில் எப்படிச் சொல்வது? நம் உரையாடலில் இதுவரை வந்த சொற்களில் “மறுசீரமைப்பு” எனக்குச் சரிவரவில்லை. 2022க்குப் பிறகு இலங்கையில் அதைக் கேட்டால் கடன் மறுசீரமைப்புத்தான் ஞாபகம் வரும், கட்டடம் வராது. “மீள்பயன்பாடு” போத்தலுக்கும் பொலித்தீன் பைக்கும் போதும்.

சென்னை நண்பர் சொன்ன “தகவமைப்பு மறுபயன்பாடு” அப்படித் தள்ளிவிடக்கூடியதல்ல. ஆனால் தகவமைப்பு உயிரியல் பாடத்துச் சொல். ஒட்டகம் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும். ஆலை அப்படிச் செய்யாது, யாரோ திட்டம் போட்டு, காசு செலவழித்து அதை மாற்றுகிறார்கள்.

என் பரிந்துரை: பயன்மாற்றிப் பேணல்.

வெறும் “பயன்மாற்றம்” போதாதா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். கொழும்பையே பாருங்கள். கோட்டைப் பகுதியில் ஒல்லாந்தர் காலத்து வைத்தியசாலைக் கட்டடம் 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டது. தடித்த சுவர், ஓட்டுக்கூரை, உள்முற்றம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. (அங்கே ஒரு தேத்தண்ணி குடிக்கவே யோசிக்கவேண்டும் என்பது வேறு கதை.) வெள்ளவத்தை நெசவாலையோ, 1933இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த இடம். ஆலை போய், இன்று அந்தக் காணியில் ஹவ்லொக் சிட்டி மாடிவீடுகள். இரண்டு இடத்திலும் பயன் மாறியிருக்கிறது, பேணல் ஒன்றில்தான் நடந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கலாமா?

“சமூகம்” என்ற சொல்லும் உள்ளே வரவேண்டும் என்று சிலர் சொன்னதை நான் ஏற்கவில்லை. யாருக்காக என்பதை அடைமொழியாகச் சேர்த்தால் போதும்: சமூகநலப் பயன்மாற்றிப் பேணல். இதற்கு நல்ல உதாரணம் பிரேசிலில், சாவோ பாவ்லோ நகரத்துப் பீப்பாய்த் தொழிற்சாலை. கட்டடக் கலைஞர் லீனா போ பார்டி இரண்டாம் முறை போய்ப் பார்த்தபோது, ஒழுகும் கூரையின் கீழ் தேங்கிய தண்ணீருக்குள் இளைஞர்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்களாம். சனம் ஏற்கெனவே அந்த இடத்தைத் தனதாக்கிவிட்டது என்று அவருக்குப் பட்டது. செங்கல் கொட்டகைகளை விட்டுவைத்து, உள்ளே நூலகம், மட்பாண்டப் பட்டறை, அரங்கு, மலிவான சாப்பாட்டுக்கூடம் அமைத்தார். தரையில் வளைந்தோடும் ஆழமில்லாத நீர்த்தடம் ஒன்றும் உண்டு. 1982இல் திறந்தது, இன்றும் நடக்கிறது. அங்கே பயன்தான் கட்டடத்துக்கு இசைந்து வளைந்தது.

சொல் நீளம் என்பது உண்மை. “பயன்பேணல்” என்று சுருக்கினால் பழைய பயனையே பேணுவதாகி, பொருள் தலைகீழாகிவிடும். வினையாக்கிப் பார்த்தேன்: “ஆலையைப் பயன்மாற்றிப் பேணினர்”, “பயன்மாற்றிப் பேணிய களஞ்சியம்”. நாக்கில் தடக்கவில்லை.

வேறு சொல் வைத்திருப்பவர்கள் அதை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள். நகரசபைப் பெயர்ப்பலகையில் எழுதக்கூடிய வாக்கியமாக இருந்தால் இன்னும் நல்லது.