மறு: உதோனின் ‘கொஷி’க்குத் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம். ஜப்பானின் கோதுமை நூடுல்ஸான உதோனுக்கும், அதைக் கடிக்கையில் உணரும் ‘கொஷி’ என்னும் பண்புக்கும் தமிழ்ச்சொல் தேடுகிறோம். குழுவில் வந்த யோசனை:

> உதோனுக்குத் ‘தடியிழை’, கொஷிக்குச் ‘சவ்வுத்தன்மை’. சரிதானே?

முதலாவது வேண்டாம். உணவின் பெயர் அப்படியே வரட்டும். எல்லா உதோனும் தடித்ததும் அல்ல. அகிதாவின் இனானிவா உதோன் மெல்லியது, நகோயாவின் கிஷிமென் பட்டையானது.

கொஷிக்குத்தான் சொல் தேவை. நேர்ப்பொருள் ‘இடுப்பு’, அது உதவாது. ‘சவ்வு’ என்றாலே நமக்குக் குறை சொல்வதாகப் படும். கொஷியோ பாராட்டு. மேலே வழுவழுப்பு, பல் பதிந்ததும் உள்ளே ஓர் எதிர்ப்பு, விட்டதும் மீண்டெழும் துள்ளல்: மூன்றும் சேர்ந்ததே கொஷி. கோதுமை மாவை உப்புநீர் விட்டுப் பிசைந்து, துணியோ தாளோ போர்த்திக் காலால் மிதித்து, ஊறவிடுகிறார்கள். பசையம் (மாவிலுள்ள குளூட்டன் புரதம்) பின்னிக்கொள்கிறது, உப்பு அதை இறுக்குகிறது. வெந்ததும் குளிர்நீரில் அலசினால் இன்னும் விறைக்கும். அதனால்தான் கொஷியை ரசிப்பவர்கள், மூங்கில் தட்டில் குளிர்ச்சியாக வரும் ஸாரு உதோனைச் சாற்றில் தோய்த்து உறிஞ்சுகிறார்கள். வெந்த நீரோடே பரிமாறும் கமாஅகேயில் அலசல் இல்லை, ஆகவே மென்மை கூடுதல்.

நான் முன்பே பரிந்துரைத்தது: மீள்பதம்.

> பதம் என்பது வேகும் நிலை அல்லவா? கொஷி பிசைவதிலேயே தொடங்கிவிடுகிறதே. ‘மீள்கடி’ எப்படி?

நல்ல கேள்வி. ஆனால் ‘மாவு பதமாக இருக்கிறது’ என்று அடுப்பேற்றும் முன்பே சொல்கிறோம். பாகுக்கும் பதம் உண்டு, மண்ணுக்கும் உண்டு. ‘மீள்கடி’ திரும்பக் கடிப்பதுபோல ஒலிக்கிறது. வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்:

“ககாவாவின் ஸனுகி உதோன் மீள்பதத்துக்குப் பேர்போனது. யாமனாஷியின் யோஷிதா உதோன் அதைவிடக் கடினம். கரிய சாற்றில் புரட்டிய இசே உதோனில் மீள்பதம் அநேகமாக இல்லை. அந்த ஊரார் விரும்புவதே அந்தக் குழைவைத்தான்.”

உறுத்தாமல் நிற்கிறது. ககாவாவில் மழை குறைவு, நெல்லைவிடக் கோதுமைக்கு ஏற்ற நிலம். கடலோரம் உப்பளங்கள் இருந்தன, சாற்றுக்கு இரிகோ என்னும் நெத்திலிக் கருவாடும் அங்கேயே கிடைத்தது. இவ்வளவு பின்னணியுள்ள ஒரு பண்பை ‘சவ்வு’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. ‘நொதொகொஷி’யில் வரும் கொஷி வேறு சொல், கடந்து செல்வதைக் குறிப்பது. இழை தொண்டையில் வழுக்கி இறங்கும் சுகத்துக்கு அந்தப் பெயர். மீள்பதத்தை அங்கே ஒட்டவேண்டாம். ‘தொண்டையிழைவு’ என்று யோசித்திருக்கிறேன். மேலான சொல் இருந்தால் எழுதுங்கள்.