யூதர்ங்கிறது மதமா, தேசியமா? இஸ்ரேல்-பாலஸ்தீனக் குடியுரிமை பத்தி

கடலோரன்:
"இஸ்ரேல்ல அரபுக்காரங்களுக்கும் ஓட்டு இருக்கு, நாடாளுமன்றத்துல இடம் இருக்கு, அப்புறம் என்ன பாகுபாடு"ன்னு பரணி அண்ணன் நேத்து கேட்டிருந்தாரு. ஓட்டு இருக்கறது உண்மைதான், அந்த நாட்டுக் குடிமக்கள்ல அஞ்சுல ஒருத்தர் அரபுக்காரர். ஆனா அங்க குடியுரிமை வேற, தேசியம் வேற. மக்கள் பதிவேட்டுல தேசியத்துக்குன்னு தனியா ஒரு கட்டம், அதுல யூதர், அரபு, ட்ரூஸ் (அரபு பேசற ஒரு சிறு சமயக் குழு)னு பதிவாங்க, இஸ்ரேலியர்னு பதிய முடியாது. அப்படிப் பதியச் சொல்லி கேஸ் போட்டவங்கள்ல யூதர்களே இருந்தாங்க. 1972ல ஜார்ஜ் டமாரின் தோத்தாரு, 2013ல உஸ்ஸி ஒர்னான் தரப்பும் தோத்துச்சு, அப்படி ஒரு தேசியம் இருக்குன்னு நிரூபிக்கலன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. 2018ல இஸ்ரேல் போட்ட தேசிய அரசுச் சட்டம் இன்னும் வெளிப்படையா, இந்த நாட்டுல தேசிய சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டும்னு எழுதியே வச்சிருக்கு. ஓட்டுப் போடலாம், ஆனா நாடு உன்னோடது இல்லைங்கறதுதானே இதுக்கு அர்த்தம்?

பரணி:
தம்பி, 1950ல திரும்புதல் சட்டம், அதாவது எந்த நாட்டு யூதரும் இஸ்ரேல்ல குடியேறலாம்ங்கற சட்டம், எதுக்கு வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. நாஜிங்க கையில அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டு அஞ்சு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. 1939ல செயின்ட் லூயிஸ் கப்பல்ல தொள்ளாயிரத்துக்கு மேல யூத அகதிங்க போனாங்க, கியூபா இறக்கிவிடல, அமெரிக்கா இறக்கிவிடல, கடைசில ஐரோப்பாவுக்கே திரும்பிப் போய் அதுல பல பேர் நாஜிங்க கையில மாட்டி செத்தாங்க. கதவைத் தட்டினா திறக்கறதுக்கு ஒரு நாடு வேணும்னு அவங்க நெனச்சது தப்பா? ஈராக்ல 1950ல குடியுரிமையை விட்டுட்டுப் போகலாம்னு சட்டம் போட்டு, அடுத்த வருஷமே அப்படிப் பதிஞ்சவங்க சொத்தையெல்லாம் முடக்கினாங்க. ஒரு லட்சத்துக்கு மேல யூதர்கள் கெளம்பி வந்தாங்களே, அவங்களைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசறதில்ல.

நெல்லை மைதீன்:
பரணி சார், ஈராக் யூதர்களுக்கு நடந்தது அநியாயம், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா அதுக்கு விலை கொடுத்தது யாரு? இக்ரித்னு வட கலிலேயாவுல ஒரு கிறிஸ்தவ ஊர். 1948 நவம்பர்ல ரெண்டு வாரத்துல திரும்பி வந்துரலாம்னு சொல்லித்தான் ராணுவம் அந்த ஜனங்களை வெளிய அனுப்புச்சு. அவங்க சண்டை போட்டவங்க இல்ல, இஸ்ரேல் குடிமக்களாவும் ஆயிட்டாங்க. 1951ல உச்ச நீதிமன்றம் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. அதே வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்துல ராணுவம் வீடுகளை எல்லாம் வெடி வச்சுத் தகர்த்துருச்சு. குன்று மேல சர்ச் மட்டும் நிக்குது. இறந்தவங்களை அங்க கொண்டுபோய் அடக்கம் பண்ணலாம், உயிரோட இருக்கறவங்க குடியேற முடியாது.

வாசுகி:
ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு கேக்கணும், யூதர்னா யாருன்னு முடிவு பண்றது யாரு? ஆஸ்வால்ட் ரூஃபைசன்னு போலந்துல பிறந்த யூதர். மீர் ஊர்ல ஜெர்மன் போலீஸுக்கு மொழிபெயர்ப்பாளரா வேலை பார்த்துக்கிட்டே தகவல் கொடுத்து நூத்துக்கணக்கான யூதர்களைத் தப்பிக்க வச்சவர். கன்னியாஸ்திரிகள் மடத்துல ஒளிஞ்சிருந்தப்ப கத்தோலிக்கரா மாறி அப்புறம் துறவியாவும் ஆயிட்டாரு. இஸ்ரேலுக்கு வந்து நான் மதத்தால கிறிஸ்தவன், தேசியத்தால யூதன், அதனால திரும்புதல் சட்டப்படி குடியுரிமை கொடுங்கன்னு கேட்டாரு, 1962ல கோர்ட் முடியாதுன்னுருச்சு, பிற்பாடு சாதாரண குடியேறி மாதிரிதான் குடியுரிமை கிடைச்சுது. ஆனா 1970 திருத்தத்துக்கு அப்புறம் தாத்தா ஒருத்தர் யூதரா இருந்தாலே பேரன் குடியேறலாம், மதச் சட்டப்படி அவன் யூதனே இல்லைன்னாலும் சரி. அப்படி சோவியத் பக்கமிருந்து வந்தவங்களுக்கு ரப்பிகள் (யூத மதகுருக்கள்) கல்யாணம் பண்ணி வைக்க மாட்டாங்க, பதிவுத் திருமணமும் அங்க கிடையாது, பல பேர் சைப்ரஸ் போய் பண்ணிட்டு வர்றாங்க.

பரணி:
அதனாலதான் சொல்றேன், அது வெறும் மதம் இல்ல, ஒரு மக்கள் கூட்டம். சரி, மறுபக்கமும் பாப்போம். பாலஸ்தீன அடிப்படைச் சட்டத்துல இஸ்லாம்தான் அதிகாரப்பூர்வ மதம். 1968ல பிஎல்ஓ (பாலஸ்தீன விடுதலை இயக்கம்) சாசனம் யூதம் வெறும் மதம், தனி தேசியம் இல்லைன்னு சொல்லுச்சு. ஜோர்டான் 1954ல பாலஸ்தீனர்களுக்குக் குடியுரிமை கொடுத்தப்ப யூதர் அல்லாதவருக்குன்னு சட்டத்துலயே எழுதுச்சு. இதையெல்லாம் மைதீன் பாய் ஏத்துக்குறாரா?

நெல்லை மைதீன்:
ஏத்துக்கல சார், அங்கயும் சட்டத்துல மதம் வேண்டாம்னுதான் சொல்றேன். ஒருத்தன் தன்னை யாருன்னு நெனைக்கிறான்னு அடுத்தவன் சாசனம் எழுத முடியாது, அது யூதருக்கும் பொருந்தும் பாலஸ்தீனருக்கும் பொருந்தும். பிரிட்டிஷ் காலத்துல 1925 ஆணைப்படி யூதர், முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாருக்கும் ஒரே பாலஸ்தீனக் குடியுரிமைதானே இருந்துச்சு?

பரணி:
காகிதத்துல ஒண்ணா இருந்தாங்க, 1929ல ஹெப்ரோன்ல அறுபதுக்கு மேல யூதர்களை வெட்டிக் கொன்னாங்களே, அந்தக் குடியுரிமையா காப்பாத்துச்சு? திரும்புதல் சட்டம் இருந்தே ஆகணும். இக்ரித் ஜனங்களையும் உள்ள விடணும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண் இல்ல.

கடலோரன்:
அண்ணே, நீங்க முரண் இல்லைங்கறீங்க, அந்த அரசாங்கம் அப்படி நெனைக்கலயே. 1972ல இக்ரித், அதே மாதிரி காலி பண்ணப்பட்ட பிர்இம், ரெண்டு ஊர்க்காரங்களும் ஊருக்குத் திரும்ப விடச் சொல்லி மறுபடியும் கேட்டாங்க, யூதர்கள்லயே நெறைய பேர் ஆதரிச்சாங்க. பிரதமர் கோல்டா மெயரோட அரசு மறுத்துருச்சு, இவங்களை விட்டா மத்த ஊர்க்காரங்களும் கேப்பாங்கன்னு. தாத்தா யூதர்னா உலகத்துல எங்கேருந்து வேணாலும் வரலாம், தாத்தா இக்ரித்காரர்னா அதே நாட்டுக் குடிமகனா இருந்தும் சொந்த ஊருக்குப் போக முடியாது. ரெண்டையும் வச்சுக்கலாம்னு சொல்றீங்கல்ல, அப்போ 2018 சட்டத்துல இருக்கற அந்த "மட்டும்" இருக்கணுமா வேண்டாமா, அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.