மாக்கில் மட்டும் உடையும் கோ பொதி: வெண்டார் டாரை எப்படிப் பராமரிக்கிறீர்கள்?

கோ மொழியில் எழுதிய நிரல் ஒன்றை ஃபெடோரா லினக்ஸுக்கு ஆர்பிஎம் பொதியாகக் கட்டுகிறேன். என் கணினியில் நேரடியாகக் கட்டும் ஆர்பிஎம்பில்டில் முடிகிறது, தனிச்சூழலில் கட்டும் மாக் கருவியில், நிரலைத் தொகுக்கும் %பில்ட் கட்டத்தில் நிற்கிறது. மாக்கின் தனிச்சூழலில் இணையம் இல்லாததால் சார்பு நூலகங்கள் இறங்கவில்லை. --எனேபிள்-நெட்வொர்க் போட்டால் ஓடும்தான், ஆனால் ஃபெடோராவின் அதிகாரப்பூர்வக் கட்டும் அமைப்பான கோஜியில் அந்தச் சலுகை கிடையாது, அதனால் அது ஏமாற்று வேலை.

ஆகவே சார்பு நூலகங்களை வெண்டார் என்ற அடைவில் நகலெடுக்கும் 'கோ மாட் வெண்டார்' கட்டளையை ஓட்டி, அந்த அடைவை டார் (ஒற்றைக் காப்பகக் கோப்பு) ஆக்கி, ஸ்பெக்கில் (பொதி கட்டும் குறிப்புக் கோப்பு) சோர்ஸ்1 எனச் சேர்த்து, அதையும் விரிக்கும்படி %ஆட்டோசெட்டப்புக்கு -ஏ1 கொடுத்தேன். இப்போது 'இன்கன்சிஸ்டன்ட் வெண்டாரிங்' (வெண்டார் அடைவு கோ.மாட்டுடன் பொருந்தவில்லை) என்ற பிழை. என் பேட்ச் (மூல நிரலில் போடும் திருத்தம்), சார்புகளைப் பட்டியலிடும் கோ.மாட் கோப்பில் ஒரு நூலகத்தின் பதிப்பை உயர்த்துகிறது, வெண்டார் செய்த பதிப்புகளைக் குறிக்கும் டாரிலுள்ள மாட்யூல்ஸ்.டெக்ஸ்ட் பழையதாகவே இருக்கிறது.

பேட்சை முதலில் போட்டுவிட்டு வெண்டார் செய்தால் சரியாகும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இதைத் தானியக்கமாக்க என்ன பயன்படுத்துகிறீர்கள்? உள்ளே வரும் நூலகங்களின் உரிமங்களையும் ஸ்பெக்கின் லைசென்ஸ் வரியில் சேர்க்க வேண்டுமே, அதைக் கையால் தேடாமல் முடிக்க வழி உண்டா?