திரையில் இருக்கும் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்து வாத்தியார் ஆகிவிடலாமா?

சுண்ணாம்புக்கட்டி:
இந்த மன்றத்தின் வேறொரு இழையில் எண்ணுக்கரசன் எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. தொடக்கப் பள்ளிக் கணக்கு ஆசிரியராகப் படிப்பவர்களுக்குக் கணினி வகுப்பறையே போதுமாம். திரையில் கணினி உருவாக்கிய ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். ஐந்துக்கும் பின்னாலிருந்து குரல் கொடுப்பவர் ஒரே ஆள்! இது வகுப்பறையா, பொம்மலாட்டமா?

எண்ணுக்கரசன்:
"போதும்" என்று எங்கே எழுதினேன்? முதலில் இது, அப்புறம் நிஜ வகுப்பு என்றேன். 52-இல் 27 போனால் 35 என்கிறது திரைப் பிள்ளை. அதாவது 7-இல் இருந்து 2-ஐக் கழித்துவிட்டது. பயிற்சிக்கு வந்தவர் உடனே "கடன் வாங்கணும்டா" என்று ஆரம்பிக்கிறார். அங்கேயே நிறுத்தி, "எப்படிப் போட்டேன்னு சொல்லு" என்று கேட்க வைக்கலாம். பிறகு அதே பிள்ளை, அதே 35, முதலிலிருந்து. நிஜப் பிள்ளையிடம் இது நடக்குமா?

சுண்ணாம்புக்கட்டி:
அந்த 35-ஐச் சொன்னது யார்? பின்னால் இருக்கும் ஆள்! அவருக்கு 25 என்று தெரியும். தெரிந்தே தப்பாகச் சொல்கிறார்.

நடுப்பக்கம்:
எல்லாவற்றிலும் ஆள் இருப்பதில்லை. சிம்ஸ்கூல் என்ற திரை வகுப்பறை முழுக்க மென்பொருள். மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவான டீச்லைவ் மாதிரியானவற்றில்தான் ஆள்.

சுண்ணாம்புக்கட்டி:
ஆக, ஆள் உண்டு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

எண்ணுக்கரசன்:
ஆள் இருப்பதால்தான் கேள்விக்கு ஏற்றபடி பதில் மாறுகிறது, சார். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இதே மாதிரி திரை வகுப்பறையை வைத்துச் செய்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. இரண்டு அமர்வுகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் பயிற்றுநர் பேசினாலே பழகுபவர்கள் நன்றாக முன்னேறினார்கள். தாங்களே யோசித்துப் பார்த்தவர்களிடம் அந்த அளவு மாற்றம் இல்லை. படித்துவிட்டு வாருங்கள்.

சுண்ணாம்புக்கட்டி:
படித்தேன். அது வகுப்பில் குறும்பு செய்யும் பிள்ளையை அடக்குவது பற்றியது. கணக்கு எங்கே வந்தது? முன்னேற்றத்தை அளந்ததும் அதே திரையில். குரல் கொடுத்தது? மறுபடியும் ஓர் ஆள்! பின்னமும் தசமமும் எடுத்துப் பாருங்கள். 0.35 பெரிதா 0.4 பெரிதா என்றால், 35 பெரிது, அதனால் 0.35 என்று ஒரு பிள்ளை சொல்லும். அந்தத் தப்பை முன்கூட்டியே எழுதி வைத்து நடிக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். விடை சரியாக இருந்து, காரணம் மட்டும் கோணலாக இருக்கும் பிள்ளையை உங்கள் ஆள் நடிப்பாரா? பாதியில் அழுதுவிட்டு எழுந்து போகும் பிள்ளையை?

வகுத்தல்மீதி:
நடிக்கச் சொன்னால் நடிப்பார். அதற்குத்தானே பயிற்சி கொடுக்கிறார்கள்? போகட்டும், சுண்ணாம்புக்கட்டி ஐயா மணிச்சட்டம் (அபாகஸ்) பற்றிய இழையிலும் இப்படித்தான் எல்லாரையும் விரட்டினார். அங்கே கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

சுண்ணாம்புக்கட்டி:
மணிச்சட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அங்கே தப்பாக எழுதியது நீங்கள். நான் திருத்தினேன், அவ்வளவுதான்.

வகுத்தல்மீதி:
திருத்தினாரா! சத்தம் போட்டார் என்று சொல்லுங்கள்.

எண்ணுக்கரசன்:
நிஜப் பிள்ளையை வைத்துத் தப்பு செய்து பழகட்டும் என்கிறீர்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்களேன் இதை.

சுண்ணாம்புக்கட்டி:
உருக்கம் வேண்டாம். ஆள் இருக்கிறாரா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

நடுப்பக்கம்:
நான்தான் மேலேயே சொன்னேனே...

சுண்ணாம்புக்கட்டி:
உங்களைக் கேட்கவில்லை. வகுத்தல்மீதி, மணிச்சட்டத்துக்குத் தனி இழை திறங்கள். அங்கே வைத்துக்கொள்ளலாம்.