ஸ்டாலின் மொழியியலைக் காப்பாற்றினாரா?

கேள்வி: மலாயாப் பல்கலை மாணவி, கோலாலம்பூர்

வணக்கம். மொழியியல் முதுகலை படிக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் சோவியத் மொழியியல் பற்றிப் பேச வேண்டும். உலக மொழிகள் எல்லாம் சால், பேர், யோன், ரோஷ் என்ற நான்கு கூறுகளிலிருந்து பிறந்தவை, மொழி வர்க்கத்துக்கு உரியது என்றெல்லாம் சொன்னவர் சோவியத் மொழியியலாளர் நிக்கோலாய் மார். 1934இல் அவர் இறந்த பிறகும் அதுவே அரசு ஆதரித்த கொள்கை. 1950 ஜூன் 20 அன்று ஸ்டாலினே கட்சி நாளிதழ் ‘பிராவ்தா’வில் எழுதி அதைத் தூக்கி எறிந்தார். மொழி வர்க்கத்துக்குச் சொந்தமில்லை என்று அவர் எழுதியது சரிதானே? அப்படியானால் அவர் அறிவியலைக் காப்பாற்றினார் என்று சொல்லலாமா?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், பினாங்கு

சொல்ல வேண்டாம்மா. மார் சொல்வது தவறு என்று 1929லேயே ஒருவர் மாஸ்கோவில், கம்யூனிஸ்ட் அகாதமியில், சான்றுகளோடு பேசிவிட்டார். யெவ்கேனி போலிவனோவ். புரட்சிக்கு எதிரியும் இல்லை, அவரே போல்ஷெவிக். ஜப்பானுக்கே போய் அங்குள்ள வட்டார வழக்குகளை ஆராய்ந்தவர், உஸ்பெக் மொழிக்கு எழுத்து அமைக்க உழைத்தவர். அந்தப் பேச்சுக்குப் பிறகு மாஸ்கோவில் அவருக்கு இடமில்லை. மத்திய ஆசியாவுக்குப் போனார். 1937இல் ஜப்பான் உளவாளி என்று பிடித்தார்கள். 1938 ஜனவரி 25 அன்று சுட்டுக் கொன்றார்கள். யாருடைய ஆட்சியில்? 12 ஆண்டு கழித்து மாரை மறுத்து எழுதினாரே, அவருடைய ஆட்சியில்தான்.

கருத்து மோதலும் விமர்சன உரிமையும் இல்லாமல் எந்த அறிவியலும் வளராது என்று அந்தக் கட்டுரையிலேயே ஸ்டாலின் எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மாரின் சீடர்கள் சில வாரங்களில் அதே பத்திரிகையில் தவறை ஒப்புக்கொண்டு எழுதினார்கள். புதுச் சான்று ஏதும் கிடைத்து மனம் மாறவில்லை. எழுதியவர் யார் என்று பார்த்து மாறினார்கள்.

பதில்: மலாய்மொழி ஆசிரியை, செந்தூல்

ஐயா சொல்வது சரி. ஆனால் சர்வாதிகாரத்தின் கீழ் நடந்த மொழிப்பணி எல்லாமே கெட்டது என்று ஆகிவிடக் கூடாது. 1972 ஆகஸ்ட் 16 அன்று நம் நாடும் இந்தோனேசியாவும் ஒரே நேரத்தில் புதிய எழுத்துக்கூட்டலுக்கு மாறின. அங்கே சுஹார்த்தோ ஆட்சி. ‘கச்சாங்’ (கடலை) என்று எழுத நாம் ஒரு விதமாகவும் அவர்கள் வேறு விதமாகவும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தோம். இன்று இரண்டும் ஒன்று. இரு நாட்டு அறிஞர்களும் ஆண்டுக்கணக்கில் பேசி முடிவு செய்தது அது. நான் தினமும் வகுப்பில் அதைத்தான் சொல்லித்தருகிறேன். அதே சுஹார்த்தோ ஆட்சியில் சீனப் பள்ளிகள் மூடிக் கிடந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாணவி

நன்றி அக்கா, நன்றி ஐயா. போலிவனோவ் எழுதியவை கிடைக்குமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்

1963இல் அவர் மீதான பழியை நீக்கினார்கள். 1968இல் மாஸ்கோவில் பொது மொழியியல் கட்டுரைகள் தொகுப்பாக வந்தன. பல்கலை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். உரையை அவரிலிருந்து தொடங்குங்கள். ஸ்டாலின் அப்புறம் வரட்டும்.